பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையா? மொரப்பூர், காவேரிப்பட்டணம் என்று தேடிப் பாருங்கள்

"2002 லிஸ்ட்ல உங்க பேரு இல்லம்மா. அடுத்த ஆள் வாங்க."

ஒரு அலுவலகத்தில் என் பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னார்கள். அவர் கையில் பாலிதீன் உறைக்குள் பழைய வாக்காளர் அட்டை. லேமினேஷன் ஓரம் பிரிந்து, முகம் பாதி மங்கியிருந்தது. டிஎன் என்று தொடங்கி, நடுநடுவே சாய்கோடு போட்ட அந்தக் காலத்து நம்பர். ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்ட மனுஷி, தப்பு செய்தவர் மாதிரி தலைகுனிந்து வெளியே வந்தார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அரூரில் தேடினார்கள், பாப்பிரெட்டிப்பட்டியில் தேடினார்கள். மொரப்பூரில் யாரும் தேடவில்லை.

மொரப்பூர் என்று இப்போது சட்டமன்றத் தொகுதியே கிடையாது. 2008 தொகுதி மறுவரையறையில் தர்மபுரிப் பக்கம் மொரப்பூரும், கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டணமும் நீக்கப்பட்டு, பாப்பிரெட்டிப்பட்டியும் வேப்பனப்பள்ளியும் வந்தன. பக்கத்தில் திருப்பத்தூர், ராசிபுரம் மக்களவைத் தொகுதிகளும் அப்போதுதான் போயின. 2009 மக்களவைத் தேர்தலிலிருந்து புதுக் கணக்கு. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

சிக்கல் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலைப் புதிதாகச் சரிபார்க்கும் சிறப்பு தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வந்தது. 2002 பட்டியலில் (சில தொகுதிகளுக்கு 2005) உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதி, எந்தப் பாகம் (ஒரு வாக்குச்சாவடிக்கான பகுதி), எந்த வரிசை எண் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியல் பழைய தொகுதிகளின்படி இருக்கிறது. அதைச் சொல்லித் தருவதற்குத்தான் ஆள் இல்லை. 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கு. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தவர்களிடமும், கூடவே வைக்கும் உறுதிமொழியில் அதே பழைய விவரத்தைக் கேட்டார்கள்.

அதனால் "இல்லை" என்று ஒருவர் சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரியில். 2002 பட்டியல் அச்சானபோது ஓசூரும் தளியும் பர்கூரும் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரியில் கிடைக்காவிட்டால் தர்மபுரியின் கீழும் பாருங்கள்.

பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதை மட்டும் நம்ப வேண்டாம். அம்மா பெயர் "மாதம்மாள்" என்றால் அங்கே "மாதம்மா" என்றிருக்கும், வயது இரண்டு வருஷம் தள்ளியிருக்கும். நாங்கள் செய்தது வேறு. "அப்ப எந்த ஸ்கூல்ல ஓட்டுப் போட்டீங்க பெரியம்மா?" என்று கேட்டோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கிழக்குப் பார்த்த கட்டடம் என்றார். பட்டியல் வாக்குச்சாவடி வாரியாகத்தான் பிரிந்திருக்கும். அந்தப் பள்ளியின் பாகத்தைத் திறந்து வீட்டு எண் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே போனோம். பெரியப்பா பெயருக்குக் கீழேயே இருந்தார், "ள்" மட்டும் இல்லாமல்.

கல்யாணமாகி வந்த பெண்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். 2002-ல் ஓட்டு வயது வராதவர் தன் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயரைத்தான் காட்ட வேண்டும். கணவர் பெயர், மாமனார் பெயர் செல்லாது. காவேரிப்பட்டணத்துப் பெண் ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருந்தால் ஓசூர்ப் பட்டியலைப் புரட்டிப் பயனில்லை. பிறந்த வீட்டுக்குப் போன் போடுங்கள்.

எதுவுமே கிடைக்காவிட்டாலும் ஓட்டு போய்விடாது. விசாரணைக்கு நோட்டீஸ் வரும். பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அரசு கொடுத்த வீட்டுமனை ஆவணம், பாஸ்போர்ட் இவற்றில் இருப்பதை எடுத்துப் போங்கள். ஆதார் அடையாளத்துக்கு மட்டும்தான். அதை மட்டும் நீட்டி நிற்காதீர்கள்.

அடுத்தது ஓசூர் வாடகைவீட்டுக்காரர்கள். அரூர், பென்னாகரம் பக்கமிருந்து சிப்காட் வேலைக்கு வந்து பத்து வருஷமாக ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர்கள். ஊரில் சொந்த வீடு இருக்கிறது, ஓட்டும் அங்கேதான் என்று நினைக்கிறார்கள். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வசிப்பவர் ஆகிவிட முடியாது என்று 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் ஓட்டு. தற்காலிகமாக வெளியூர் போயிருந்தால் ஊரில் இருக்கிற ஓட்டு போகாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

ஓசூருக்கு மாற்ற நினைத்தால் படிவம் 8. இதைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் ஜெராக்ஸ் கடையில் எல்லாருக்கும் படிவம் 6-ஐத்தான் நீட்டுகிறார்கள். ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கும்போது படிவம் 6 போட்டால் இரட்டைப் பதிவு. அதில் "வேறெங்கும் என் பெயர் இல்லை" என்ற வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை என்று 31-வது பிரிவு இருக்கிறது. எங்குமே பெயர் இல்லாதவருக்கு மட்டும்தான் படிவம் 6.

வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார், "எதுக்கு உங்களுக்கு இங்க ஓட்டு" என்பார். வீட்டுக்காரர் சம்மதம் என்று படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை. இந்த முகவரியில் ஆதார், வங்கிப் பாஸ்புக், கேஸ் ரசீது ஒன்று இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். ஷிப்ட்டுக்குப் போன நேரத்தில் அவர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் "ஆள் இல்லை" ஆகிவிடும். பக்கத்து வீட்டில் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். அந்த அலுவலர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோதான். அவருக்கும் இது வேலைக்கு மேல் வேலை; அவரிடம் கோபப்பட்டு ஆவதொன்றுமில்லை.

படிவத்தைக் கையில் கொடுத்தால் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்காமல் நகராதீர்கள். "நாங்க பாத்துக்கறோம், போங்க" என்பது ஒப்புகை ஆகாது. தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் விடாதீர்கள். வேட்புமனுக் கடைசி நாள் தாண்டினால் பட்டியலில் யாரும் கைவைக்க முடியாது. அன்றைக்குக் கையில் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை.

நிராகரித்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கும் தள்ளினால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரி. மேட்டூர்க்காரர்கள் எம்.பி. ஓட்டு தர்மபுரிக்குப் போடுவதால் தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்துக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் போக வேண்டியது சேலம் ஆட்சியரிடம். தவறான வாசலில் நிற்கும் நாளும் அந்த 15-ல்தான் கழியும்.