முற்றத்துக்குச் சீமெந்து போடுவதற்கு முன்

கொழும்பில் பத்து பேர்ச்சஸ் காணி என்றால் ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதன் மேல் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 12,600 லீற்றருக்கும் அதிகம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மாலை நேரத்து இடிமழைக்கு இது புதிதல்ல. மண் திறந்திருக்கும் காணியில் அந்த நீரின் கணிசமான பங்கு நிலத்துக்குள் இறங்கும். கூரையும் முற்றமும் சேர்ந்து மதிலுக்கு மதில் மூடிய காணியிலோ, அநேகமாக முழுவதும் சில நிமிடங்களில் வீதியோரக் கானுக்கு வந்து சேரும். ஒரு வீட்டின் நீரைக் கான் தாங்கும். ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடுகளின் நீரையும் ஒரே நேரத்தில் தாங்காது.

வடிகாலமைப்புப் பணியில் இருப்பதால், முற்றத்தை மூட விரும்புவோரிடம் நான் முதலில் கேட்பது, வாகனச் சக்கரம் எங்கே ஓடும் என்பதைத்தான். பெரும்பாலான வீடுகளில் இரண்டு ஒடுங்கிய கீற்றுகளுக்கு மட்டும் உறுதியான தளம் போட்டு, எஞ்சிய இடத்தைப் புல்லுக்கும் செடிக்கும் விட்டுவிடலாம். இன்டர்லொக் கல் பதித்தால் நீர் தானாக இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. ஆனால் கல்லின் கீழே கொங்கிரீட் படை போட்டு, இடைவெளிகளைச் சீமெந்துக் கலவையால் அடைத்துவிட்டால், அதுவும் மூடிய தரையே. நுண்தூள் கலவாத சல்லிப் படையின் மேல், இடைவெளி விட்டுப் பதித்து, அந்த இடைவெளிகளைச் சிறுசல்லியால் நிரப்பினால்தான் நீருக்கு வழி கிடைக்கும்.

இதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலோரத்து மணல் நீரை விரைவாக உள்வாங்கும். கடல்நீர் கிணறுகளுக்குள் ஏறாமல் தடுப்பதில் அப்படி இறங்கும் நன்னீருக்குப் பங்கு உண்டு என்பதால், அங்கே மணலை மூடுவது இரட்டை இழப்பு. கபூக் எனும் இறுகிய செம்மண் மேட்டில் நீர் மெதுவாக இறங்குவதால், சல்லிப் படையை ஆழமாக்க வேண்டும். கொலன்னாவை போன்ற தாழ்நிலங்களில் நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பதால், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஊறுகுழி தோண்டினாலும் பயனில்லை. அத்தகைய நிலத்தை நிரப்பாமல் விடுவதே உண்மையான தீர்வு. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நகரின் சதுப்புநிலங்களுக்காக 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் மேட்டுநிலக் காணிகள் அனைத்தும் தம் நீரை ஒரே நேரத்தில் கீழே தள்ளினால், அந்தச் சதுப்புகள் எவ்வளவைத்தான் தேக்கும்?

ஊறுகுழி என்றதும் டெங்கு பற்றிய அச்சம் எழுவது நியாயமே. நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். எனவே குழியைச் சல்லியால் நிரப்பி மூடி, இரண்டு மூன்று நாட்களுக்குள் நீர் வற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு அத்திவாரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அதைத் தள்ளியே அமைக்க வேண்டும்.

மரங்களின் நிலை எனக்கு மிகுந்த கவலை தருகிறது. வீதியோர மாரா மரங்களின் அடி வரை கொங்கிரீட் போடும்போது வேருக்குக் காற்றும் நீரும் குறைகின்றன. பிறகு மரம் நலிந்தால் வெட்டத்தான் யோசிக்கிறோம்.

காணியில் கட்டடம் எவ்வளவு பங்கை மூடலாம் என்பதற்கு விதி உண்டு. எஞ்சிய தரையைப் பற்றி நடைமுறையில் முடிவெடுப்பவர்கள் உரிமையாளரும் மேசனும்தான். கட்டட வரைபடத்தை அனுமதிக்கும்போதே திறந்த மண்ணின் அளவையும் குறிக்கச் செய்து, குடிபுகுவதற்கான சான்றிதழ் கொடுக்கும் முன் அது அப்படியே இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.