நான்கு வாட்டில் தெளிவான குரல்: மலிவான சி.பி. ரேடியோவைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள இயற்பியல்

பொதுமக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கான, சிட்டிசன்ஸ் பேண்ட் எனப்படும் சி.பி. ரேடியோவுக்கு அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதி 1958ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 23 சேனல்கள் இருந்தன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள லாரி ஓட்டுநர்கள் இந்தக் கருவியைத்தான் கையில் எடுத்தார்கள். கூட்டம் பெருகியதால் 1977இல் சேனல்கள் 40 ஆயின. 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியுள்ள அந்த 40 சேனல்களில், 27.185 மெகாஹெர்ட்ஸில் அமைந்த 19ஆம் சேனல் இன்றும் லாரிக்காரர்களின் பொதுத் திண்ணையாக இருக்கிறது.

இந்தக் கருவியை வாங்க நினைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, ஏ.எம். முறையில் இயங்கும் எந்த சி.பி. ரேடியோவும் 4 வாட்டுக்கு மேல் ஊர்தி அலைத் திறனை (குரலை ஏற்றி அனுப்பப் பயன்படும் அடிப்படை அலையின் திறனை) வெளியிட அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதாகும். மிக மலிவான பெட்டிக்கும் அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள பெட்டிக்கும் இந்த வரம்பு ஒன்றே. ஆயினும், ஒரு லாரியிலிருந்து வரும் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போலக் கேட்கிறது. அதே தூரத்தில் செல்லும் இன்னொரு லாரியின் குரல் போர்வைக்குள்ளிருந்து முனகுவதைப் போல வருகிறது. வாட்டில் வேறுபாடு இல்லை என்றால், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும்.

ஏ.எம். எனப்படும் வீச்சுப் பண்பேற்றத்தில், ஊர்தி அலை தனியாக எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு வாய் திறவாமல் இருந்தால் வெளியேறுவது வெறும் 4 வாட் மௌனம்தான். பேசத் தொடங்கியதும் ஊர்தி அலையின் வீச்சு குரலுக்கேற்ப ஏறி இறங்குகிறது. அதன் விளைவாக, ஊர்தி அலையின் இருபுறமும் பக்கப்பட்டைகள் என்ற இரண்டு புதிய அலைத்தொகுதிகள் தோன்றுகின்றன. குரல் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. பண்பேற்றம், அதாவது இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, 100 சதவீதத்தை எட்டும்போது, ஒரு சீரான சோதனைச் சுருதிக்கு, இரண்டு பக்கப்பட்டைகளிலும் சேர்த்து 2 வாட் கிடைக்கும். அலையின் உச்சத் திறன் கணநேரத்துக்கு 16 வாட் வரை எழும். பண்பேற்றம் 50 சதவீதமாகக் குறைந்தால் பக்கப்பட்டைத் திறன் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகி அரை வாட்டில் நிற்கிறது. 30 சதவீதத்தில் அது 0.18 வாட் மட்டுமே. நான்கு வாட் ரேடியோ என்று வாங்கியவர், உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு வாட்டுக்கும் குறைவான குரலைத்தான் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு நுட்பம் கேட்பவரின் பெட்டிக்குள் இருக்கிறது. எல்லா சி.பி. ரேடியோக்களிலும் தானியங்கி ஒலிப்பெருக்கக் கட்டுப்பாடு உண்டு. அது வந்து சேரும் ஊர்தி அலையின் வலிமையை அளந்து, வலுவான அலைக்குப் பெருக்கத்தைக் குறைத்தும் மெலிந்த அலைக்குக் கூட்டியும் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஊர்தி அலையின் அளவு இவ்வாறு சமன் செய்யப்பட்டுவிடுவதால், ஒலிபெருக்கியில் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதைத் தீர்மானிக்க எஞ்சியிருப்பது பண்பேற்ற விகிதம் மட்டுமே. அனுப்புபவர் வாட்டைக் கூட்டினால் பின்னணி இரைச்சல் குறையுமே தவிர, குரல் உரக்காது. 30 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்குப் பண்பேற்றத்தை உயர்த்தினால் கேட்பவருக்கு ஏறத்தாழ 10 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கிறது. மாறாக, 4 வாட்டை 8 வாட்டாக்கினால் அலையின் வலிமையில் கிடைப்பது 3 டெசிபெல். வந்து சேரும் அலையின் வலிமையைக் காட்டும் எதிர்முனையின் எஸ்-மீட்டரில் அது அரைக் கோடு. அதையும் விதியை மீறித்தான் பெற வேண்டும், ஏனெனில் சி.பி.யில் வெளிப்புறப் பெருக்கிகளை இணைப்பது தடை செய்யப்பட்டது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பெட்டி 4 வாட் ஊர்தி அலையை முழுமையாகப் பண்பேற்றக்கூடியதா என்பதே. பழைய அமைப்பிலுள்ள பெட்டிகளில், ஒலிபெருக்கியை இயக்கும் அதே ஆடியோ ஐ.சி., பேசும்போது ஒரு சிறிய மின்மாற்றி வழியாக, அலையை வெளியிடும் கடைசி டிரான்சிஸ்டருக்குச் செல்லும் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. முழுப் பண்பேற்றத்தின் உச்சத்தில் அந்த மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காக வேண்டும். மின்மாற்றி மிகச் சிறியதாக இருந்தாலோ, ஐ.சி.க்கு அவ்வளவு திறன் இல்லாமல் போனாலோ, உச்சங்கள் மழுங்கி, குரல் கரகரக்கும். மின்மாற்றி இல்லாமல் ஒரு திறன் டிரான்சிஸ்டரைத் தொடராக வைத்து இதையே செய்யும் பெட்டிகளும் உண்டு. எந்த அமைப்பு மேல் என்று வாதிடுவோர் பலர். என் பார்வையில், நன்றாகச் செய்யப்பட்ட மின்மாற்றி எந்தப் புது அமைப்புக்கும் சளைத்ததல்ல.

இரண்டு அமைப்புகளுக்குமே வண்டியின் மின்சாரம் சரியாக வர வேண்டும். பெட்டிகள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மெல்லிய கம்பியில் மின்சாரம் எடுத்து, பேசும்போது அது 11.8 வோல்ட்டுக்கு இறங்கினால், மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பத் திறன் குறைவதால் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதைவிட முக்கியமாக, உச்சங்கள் எழுவதற்கு இடமில்லாமல் போகும். பேட்டரி முனையிலிருந்து ஃப்யூஸுடன் நேராகக் கம்பி இழுப்பதற்கு ஆகும் சில டாலர்கள், பெட்டியின் விலையில் சேர்க்கும் ஐம்பது டாலரைவிடக் கூடுதலான பலனைத் தரும். ஆல்டர்னேட்டரின் கீச்சொலி குரலோடு கலந்து போவதும் பெரும்பாலும் இதனால் அடங்கும்.

பண்பேற்றம் 100 சதவீதத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகும். குரலின் தாழ்வுகளில் ஊர்தி அலை முற்றிலும் அறுந்து போகிறது. அந்த வெட்டின் கூர்மை புதிய அதிர்வெண்களை உருவாக்கிப் பக்கத்துச் சேனல்களில் சிதறடிக்கிறது. இதைத் தடுக்கவே பெட்டிக்குள் ஒரு வரம்புச் சுற்று வைக்கப்படுகிறது. டிரக் ஸ்டாப்களில் உள்ள சில சி.பி. கடைகளில் இந்தச் சுற்றின் ஒரு பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீட்டரின் முள் துள்ளுவதைக் காட்டிக் காசு வாங்குவார்கள். முள் துள்ளுவது உண்மைதான். ஆனால் கேட்பவருக்குப் போய்ச் சேருவது உடைந்த குரல்; விதிக்கும் அது புறம்பானது. நல்ல பெட்டியின் வரம்புச் சுற்று உச்சங்களை முரட்டுத்தனமாக வெட்டாமல், உரத்த உயிரொலிகளைச் சற்றே அடக்கி, மெல்லிய மெய்யொலிகளைத் தூக்கிவிடும். மனிதப் பேச்சின் உச்சம் அதன் சராசரியைவிட 12 டெசிபெல் அல்லது அதற்கும் மேலாக இருப்பதால், இந்த இடைவெளியைச் சிறிது சுருக்கினாலே பண்பேற்றத்தின் சராசரி கணிசமாக உயர்கிறது. அளவு மீறிச் சுருக்கினாலோ, சொற்களுக்கு இடையிலுள்ள மௌனத்தில் டீசல் இன்ஜினின் உறுமல் மேலெழுந்துவிடும்.

இந்த உறுமலைக் கையாள்வது மைக்கின் வேலை. இரைச்சல் நீக்கும் மைக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால், முன்புறத்தைப் போலவே பின்புறத்திலும் சிறு துளைகள் இருப்பது தெரியும். தூரத்திலிருந்து வரும் இன்ஜின் சத்தம் இரு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்துடன் தாக்குவதால் உள்ளிருக்கும் தகடு அசைவதில்லை. உதட்டருகே எழும் குரல் முன்புறத்தை மட்டும் பலமாகத் தாக்குவதால் தகடு அதிர்கிறது. ஆகவே இந்த மைக்கை உதட்டை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் குரலையும் இரைச்சல் என்று எண்ணி அது நீக்கிவிடும். பின்துளைகளை விரலால் மூடிக்கொண்டு பேசினால் வாங்கியதன் பயனே இல்லை. சாதாரண மைக்காக இருந்தாலும், தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும் என்பதை நினைவில் கொண்டு, இரண்டு மூன்று விரற்கடை தொலைவில், காற்று நேராக மோதாதபடி சற்றே பக்கவாட்டில் பிடித்துப் பேசுவது நல்லது. எக்கோ, முடிவில் ஒலிக்கும் பீப் போன்ற அலங்காரங்களுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய தேவை இல்லை. எக்கோ தெளிவைக் கெடுக்கவே செய்யும்.

குறிப்பிட்ட பெட்டிகளைப் பற்றிச் சொல்வதானால், நூறு டாலருக்குள் பார்ப்பவர்களுக்கு யூனிடெனின் புரோ 520எக்ஸ்எல் ஒரு நியாயமான தொடக்கம். மைக் கெயினை, அதாவது மைக்கிலிருந்து வரும் குரலின் பெருக்கத்தை, திருப்பிச் சரிசெய்யும் குமிழ் அதில் உண்டு, அது இல்லாத சிறு பெட்டிகளைவிட இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதைப் பரிந்துரைப்பேன். செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு, கோப்ரா 29 எல்டிடி கிளாசிக் பல தலைமுறை ஓட்டுநர்கள் கையாண்ட பெட்டி. மைக் கெயினுக்கு அதில் ‘டைனமைக்’ என்று பெயர். ஆன்டெனா எவ்வளவு திறனைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை அளக்கும் மீட்டரும் பெட்டியிலேயே இருக்கிறது. நான்கு முள் மைக் இணைப்பு என்பதால், அஸ்டாட்டிக் 636எல் போன்ற இரைச்சல் நீக்கும் மைக்கைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். யூனிடெனின் பேர்கேட் 880, இரைச்சல் நீக்கும் மைக்குடனேயே வருகிறது. மைக் மாற்றுவோர் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: முள்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், எந்த முள்ளில் எந்தக் கம்பி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம்.

ஒற்றைப் பக்கப்பட்டை முறை உள்ள பெட்டிகள், ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் விட்டுவிட்டு, 12 வாட் உச்சத் திறன் முழுவதையும் குரலுக்கே செலவிடுகின்றன. தொலைதூரப் பேச்சுக்கு அவை மேலானவை, விலையும் கூடுதல், ஏ.எம்.மில் பேசும் 19ஆம் சேனலில் அந்த முறையால் பயன் இல்லை. 2021ஆம் ஆண்டு எஃப்.சி.சி. எஃப்.எம். எனப்படும் அதிர்வெண் பண்பேற்றத்தையும் அனுமதித்தது. அதில் அலையின் வீச்சு மாறாததால் வண்டியின் மின்பொறி இரைச்சல் வெகுவாக அடங்குகிறது. ஆனால் எதிரில் இருப்பவரிடமும் அந்த வசதி இருந்தால்தான் பேச முடியும். 1981 நவம்பரில் சி.பி.யைச் சட்டபூர்வமாக்கிய பிரிட்டன் தொடக்கத்திலேயே இந்த முறையை மட்டும் அனுமதித்திருந்தது.

ஆன்டெனாவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். கால் அலை நீளம் ஏறத்தாழ 2.75 மீட்டர். அதைவிடக் குட்டையான ஒவ்வொரு ஆன்டெனாவும் சுருள் வைத்து ஈடு செய்யப்பட்டதுதான், அந்தச் சுருளில் ஒரு பகுதித் திறன் வெப்பமாகிறது. எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் 25 சதவீதத் திறன் திரும்பி வருகிறது, 1.5 என்றால் 4 சதவீதம். இந்த எண்ணை 1.5லிருந்து 1.1க்குக் கொண்டுவர நாள் முழுவதும் போராடுவதைவிட, ஆன்டெனாவைப் பம்பரிலிருந்து கூரைக்கு மாற்றுவது மேல்.

இந்தியாவிலிருந்து இதை வாசித்து, வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் வரம்புக்குள், உரிமம் இன்றிப் பயன்படுத்த விதி இடமளிக்கிறது. அமெரிக்கப் பெட்டியின் 27ஆம் சேனல் வரை இதற்குள் அடங்கும்; 28 முதல் 40 வரையிலான சேனல்கள் வெளியே நிற்கின்றன. கருவிக்கும் உரிய ஒப்புதல் வேண்டும்.

வாங்கிய பின், குரல் எப்படிப் போகிறது என்பதைப் பிறரிடம் கேட்பதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. ‘நன்றாகக் கேட்கிறது’ என்று மரியாதைக்குச் சொல்பவர்களே மிகுதி. கணினியில் செருகினால் ரேடியோ அலைகளை வாங்கித் திரையில் காட்டும் மலிவான ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள், 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வாங்கக்கூடிய வகை, இதற்குப் போதும். சிறு ஆன்டெனாவுடன் அதைச் சில மீட்டர் தள்ளி வைத்து, பெருக்கத்தைக் குறைத்துவிட்டுப் பேசினால், திரையின் நடுவில் ஊர்தி அலை மெல்லிய ஒளிக்கோடாகத் தெரியும். அதன் இருபுறமும் பக்கப்பட்டைகள், கண்ணாடியில் பார்த்ததைப் போல ஒன்றுக்கொன்று எதிரொத்து விரியும். மைக் கெயினைக் குறைவாக வைத்துத் தொடங்கி, வழக்கமாகப் பேசும் குரலிலேயே பேசிக்கொண்டு மெல்லக் கூட்ட வேண்டும். பக்கப்பட்டைகள் பிரகாசமாகிக்கொண்டே வரும். அவை நடுக்கோட்டிலிருந்து 3 அல்லது 4 கிலோஹெர்ட்ஸுக்குள் நிற்கும் வரை கவலையில்லை. உரத்துச் சொல்லும் ஒவ்வோர் உயிரொலிக்கும் அதைத் தாண்டிப் பட்டைகள் தெறிக்கத் தொடங்கும் இடத்தில், குமிழைச் சற்றுப் பின்னால் திருப்பி, அந்த நிலைக்குப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.