தாய் மரணத்துக்குப் பிறகு நர்சம்மாவுக்கு யார் துணை?

வேதாரண்யம் பக்கமோ மன்னார்குடி பக்கமோ ஒரு கிராமத்தில் பிரசவித்த பெண் இறந்துவிட்டால், அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஊரே கூடும். கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து அவள் எடையையும் பி.பி.யையும் எழுதிவந்த கிராம சுகாதாரச் செவிலியருக்கு வருவதோ, ரெஜிஸ்டர்களோடு ஆய்வுக் கூட்டத்துக்கு வரச்சொல்லும் போன்தான்.

தாய் மரண ஆய்வு கட்டாயம் வேண்டும். எங்கே தாமதம் என்று தெரிந்தால்தான் அடுத்த உயிரைக் காக்கலாம். ஆனால் விளக்கம் கேட்கும் அதிகாரியே ஆறுதலும் சொன்னால் எடுபடாது. மெமோ கொடுக்கக்கூடியவரிடம் யார் மனம்விட்டு அழுவார்கள்?

நர்சம்மாவுக்கு முதல் இரண்டு மூன்று நாள் சாப்பாடு, தூக்கம், வீடு போய்ச் சேர வண்டி, டியூட்டி மாற்ற ஓர் ஆள், இவ்வளவு போதும். பேச விரும்பினால் கேளுங்கள், துருவாதீர்கள். எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைக்கும் ஒருநாள் அமர்வு பின்னாள் பாதிப்பைத் தடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, 'என்னால்தான்' என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மனநல உதவி தேவை. 14416, டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண்: இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் தெரிந்த முகம் பார்த்துவிடுமே என்று தயங்குகிறவர்கள் பலர். அந்தத் தயக்கம் நியாயமானதே. பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி கடமை.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வயலுக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

மேலதிகாரிகள் மறப்பது ஒன்று உண்டு. தாயை இழந்த குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற தடுப்பூசி. புதன்கிழமை அங்கன்வாடிக்குப் பாட்டி தூக்கி வருவார். தாயின் பெயர் எழுதிய அதே அட்டையை நர்சம்மாதான் வாங்கித் தேதி எழுதியாக வேண்டும். அந்த மூன்று புதன்களையும் காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள். அவர் விரும்பினால் பக்கத்து சப்சென்டர் செவிலியர் ஊசி போடட்டும். தானே போடுவேன் என்றால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.