ஆவிக்கு வழிவிடும் கருவி: திரவ நைட்ரஜனைக் கலம் மாற்றுவது எப்படி?

உசிலம்பட்டி வட்டாரத்துக் கால்நடை மருந்தகங்களில், பசுவுக்குச் சினை ஊசி போடுவதற்காக உறைவிந்துக் குச்சியை (உறையவைத்த காளை விந்து அடைத்த மெல்லிய குழலை) வெளியே எடுக்கும்போது அருகில் நின்று பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். அது இருக்கும் திரவ நைட்ரஜன் கேனின் மூடியைத் தூக்கியதும் எழும் வெண்புகை மேலே போகாமல், கழுத்தைத் தாண்டி வழிந்து, கேனின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே இறங்கித் தரையில் படரும். நைட்ரஜன் வாயு கண்ணுக்குத் தெரியாது. நாம் காண்பது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து மூட்டமானதைத்தான். அந்த மூட்டத்தைச் சுமந்து வரும் குளிர்ந்த வாயு சுற்றியுள்ள காற்றைவிடக் கனமானது என்பதால் அது கீழே இறங்குகிறது.

புலிக்குளம் காளையின் விந்தானாலும் ஜெர்சிக் கலப்பினத்தின் விந்தானாலும், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். ஆனால் திரவம் நாள்தோறும் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைந்துகொண்டே இருப்பதால், பெரிய கலத்திலிருந்து சிறிய கேனுக்கு அவ்வப்போது நிரப்பியாக வேண்டும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இந்த வேலையைச் செய்யும்போது, கேனின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 236 டிகிரி வேறுபாடு நிற்கிறது. அதோடு, ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே ஒரு கிலோ திரவ நைட்ரஜன் முழுவதும் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு கிடைக்கும். கலம் மாற்றும் கருவியின் ஒவ்வொரு உறுப்பும் இந்த ஆவிக்குப் பதில் சொல்லவே வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் கலம். ஜேம்ஸ் டூவர் 1892ஆம் ஆண்டில் உருவாக்கிய இரட்டைச் சுவர்க் குடுவையே இதன் முன்னோடி. நம் வீட்டு பிளாஸ்க்கும் அதன் வழிவந்ததுதான். இரு சுவர்களுக்கும் இடையே வெற்றிடம் இருப்பதால், வெப்பம் பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான் உள்ளே வர முடியும். ஆகவே கழுத்து குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். அதன் மூடி இறுக்கமாகப் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. மூடி தளர்ந்துவிட்டதென்று நினைத்துத் துணி சுற்றி இறுக்குவது, கலத்தை வெடிகுண்டாக மாற்றும் செயல்.

சிறிய கேனைச் சாய்த்து ஊற்றலாம். 50 லிட்டர் கலத்தை இருவர் தூக்கிச் சாய்ப்பது பெரிய தவறு. அதற்கென்றே உறிஞ்சுகுழல் கருவி இருக்கிறது. கலத்தின் கழுத்தில் பூட்டிக்கொள்ளும் ஒரு தலைப்பகுதி, அதன் நடுவே கலத்தின் அடிவரை இறங்கும் மெல்லிய எவர்சில்வர் குழாய், தலையின் மேல் அழுத்தமானி, ஆவி வெளியேற்றும் வால்வு, தானாகத் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு, திரவம் வெளிவரும் வால்வு ஆகியவை சேர்ந்ததே அந்தக் கருவி. இதற்கு மோட்டாரும் தேவையில்லை, பம்பும் தேவையில்லை. ஆவி வெளியேற்றும் வால்வை மூடியதும், உள்ளே சேரும் ஆவியே திரவத்தின் மேற்பரப்பை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. திரவ நைட்ரஜன் தண்ணீரைவிட இலேசானது. அதை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, வளிமண்டல அழுத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் உயர்ந்த அழுத்தத்தில் திரவம் சற்றே வெப்பமடைந்து நிற்கும்; வெளியே வந்து அழுத்தம் குறைந்ததும் அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகிச் சீறும். பொறுமையாகக் குறைந்த அழுத்தத்தில் மாற்றுபவருக்கே அதிகத் திரவம் மிஞ்சும்.

திரவம் வெளிவரும் குழாயின் முனையில் பேனா மூடி அளவில் ஒரு சிறு உருளை இருக்கும். அதை எனக்கு மிகவும் பிடிக்கும். உலோகத் துகள்களைச் சூட்டில் ஒட்டவைத்துச் செய்த, நுண்துளைகள் நிறைந்த உருளை அது. திரவத்தோடு கலந்து வரும் ஆவி பக்கவாட்டுத் துளைகளின் வழியே பிரிந்து போய்விட, திரவம் மட்டும் வேகமிழந்து கேனுக்குள் சொட்டுச் சொட்டாகவும் மெல்லிய தாரையாகவும் இறங்குகிறது. இது இல்லாவிட்டால் ஆவியின் வேகம் கேனுக்குள் இருக்கும் திரவத்தையும் சேர்த்து வெளியே தெறிக்கவைக்கும்.

தெறிப்பதைப் பற்றி ஒரு சொல். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்தாக உருண்டோடுவதைப் போல, திரவ நைட்ரஜன் துளியும் தன் ஆவியின் மீதே மிதந்து நம் தோலில் உருண்டோடிவிடும். இங்கே நம் கைதான் தோசைக்கல். ஆனால் நூல் கையுறையிலோ ஷூவுக்குள்ளோ புகுந்த திரவம் ஓட வழியின்றித் தேங்கித் தோலை உறையவைத்துப் புண்ணாக்கும். எனவே உதறினால் கழன்றுவிடும் தளர்வான குளிர்காப்புக் கையுறையும், முகத்தை மறைக்கும் கவசமும், ஷூவுக்கு வெளியே விழும் கால்சட்டையும் கட்டாயம்.

நீண்ட ஹோஸ் வைத்து மாற்றும் பெரிய நிலையங்களில் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. ஹோஸின் இரு முனைகளிலுமுள்ள வால்வுகளை மூடிவிட்டால் நடுவே சிக்கிய திரவம் வெப்பமேறி ஆவியாகும்; இடம் கிடைக்காத அந்த ஆவி, எந்த ஹோஸும் தாங்காத அழுத்தத்தை எட்டும். ஆகையால் மூடக்கூடிய இரு வால்வுகளுக்கு நடுவே எங்கெல்லாம் திரவம் சிக்க வாய்ப்புண்டோ, அங்கெல்லாம் ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தே ஆக வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது. ஹோஸ் மடிப்பு மடிப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு: அறை வெப்பநிலையிலிருந்து இந்தக் குளிருக்கு வரும் எவர்சில்வர் குழாய் மீட்டருக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். சாதாரண இரும்போ இந்தக் குளிரில் கண்ணாடியைப் போல நொறுங்கும்.

காப்பு உறையில்லாத குழாயின் அடியில் சொட்டும் நீர்போன்ற திரவத்தைத் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. அது குளிர்ந்த குழாயில் பட்டுத் திரவமான காற்று. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே திரவமாகிவிடுவதால், அந்தச் சொட்டில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும். எண்ணெய்த் துணியில் விழுந்தால், தீப்பற்ற ஒரு பொறி போதும். அறைக்குள்ளோ நிலைமை நேர்மாறானது: பெருகும் நைட்ரஜன் காற்றிலிருக்கும் 21 விழுக்காடு ஆக்சிஜனை நீர்க்கச் செய்கிறது. மூச்சுமுட்டும் உணர்வுகூட வராமல் மயக்கம் வரும் என்பதால், கதவு சன்னல்களைத் திறந்து வைத்தே நிரப்ப வேண்டும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேனை வைத்து மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் கொண்டுபோகக் கூடாது.

நிரப்பி முடித்ததும் அளவு பார்க்க மரக்கோலையோ பிளாஸ்டிக் அளவுகோலையோ அடிவரை விட்டுச் சில விநாடிகள் வைத்திருந்து வெளியே எடுத்துக் காற்றில் அசைத்தால், திரவத்தில் நனைந்திருந்த உயரம் வரை வெண்பனி படியும். உள்ளீடற்ற குழலைப் பயன்படுத்தக் கூடாது. திரவம் அதன் வழியே மேலே பீய்ச்சி அடிக்கும். பனிக்கோட்டின் உயரத்தைத் தேதியோடு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு வாரம் அளவு வழக்கத்தைவிட வேகமாக இறங்குவது தெரியும். கேனின் வெளிச்சுவரிலும் பனி பூத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே குச்சிகளை வேறு கேனுக்கு மாற்றிவிட வேண்டும்.