எட்டு லட்சத்துக்குக் கீழே: ஜூலியன் ஹேட்சரும் உடையும் எஃகும்

அமெரிக்காவில் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிள் ஒன்றை வாங்க நினைக்கும் சேகரிப்பாளர், அதன் ரிசீவரின், அதாவது குழலையும் பூட்டும் அமைப்பையும் தாங்கும் எஃகு உடலின் மேல் பொறிக்கப்பட்டுள்ள தொடர் எண்ணை முதலில் படித்துவிடுவார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுத ஆலையில் செய்யப்பட்டிருந்து எண் 8,00,000-க்குக் கீழே இருந்தாலும், இல்லினாய்ஸ் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஆலையில் செய்யப்பட்டிருந்து எண் 2,85,507-க்குக் கீழே இருந்தாலும், அந்தத் துப்பாக்கியால் சுட வேண்டாம் என்று, பழைய ராணுவ ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் குடிமக்கள் துப்பாக்கிப் பயிற்சித் திட்டம் இன்றும் எச்சரிக்கிறது. இந்த இரண்டு எண்களும் பரவலாக அறியப்படுவதற்குக் காரணமாக இருந்தவர் மேஜர் ஜெனரல் ஜூலியன் ஹேட்சர். 1888-இல் பிறந்து 1963-இல் மறைந்த அவர், அமெரிக்க ராணுவத்தின் தளவாடப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பிறகு 1947-இல் தம் அனுபவங்களையும் சோதனைக் கணக்குகளையும் 'ஹேட்சரின் குறிப்பேடு' என்ற நூலாக வெளியிட்டார். வெடித்துச் சிதறிய ரிசீவர்களின் பட்டியல் அந்த நூலில்தான் இருக்கிறது. அந்தத் துறையில் அவரளவுக்கு மதிக்கப்பட்டவர்கள் குறைவு. அவருடைய பட்டியல் அளவுக்குச் சண்டையைக் கிளப்பிய ஆவணங்களும் குறைவு.

சண்டையைப் புரிந்துகொள்ள, ஒரு ரைபிள் சுடப்படும் கணத்தில் அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டாவின் பித்தளை உறைக்குள் உள்ள மருந்து எரியும்போது உண்டாகும் வாயு, ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு அழுத்தத்தை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 3,400 மடங்கு அழுத்தத்தை எட்டுகிறது. குண்டு குழலின் வழியே முன்னோக்கிப் போகிறது. அதே அழுத்தம் உறையின் அடிப்பாகத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசையைப் போல்ட் என்ற பூட்டுத்தண்டு வாங்கிக்கொண்டு, தன் முனையிலுள்ள காது போன்ற இரண்டு புடைப்புகள் வழியாக ரிசீவருக்குக் கடத்துகிறது. ஆக, சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கும் அந்த எஃகுத் துண்டுதான் ஒவ்வொரு முறையும் முழுச் சுமையையும் தாங்குகிறது.

இதில் பித்தளை உறைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. 1903 ஸ்பிரிங்ஃபீல்டின் வடிவமைப்பில், தோட்டா எளிதாக நுழைவதற்காகக் குழலின் பின்முனை கூம்புபோலக் குடையப்பட்டிருந்தது. அதனால் உறையின் அடிப்பாகத்தில் ஒரு சிறு பகுதி எஃகின் துணையின்றி, பித்தளையின் சொந்த பலத்தில் மட்டுமே நின்றது. பித்தளை நல்லதாக இருந்தவரை சிக்கல் எதுவும் இல்லை. அடிப்பாகத்தின் பித்தளை மென்மையாகிவிட்டாலோ உறை பிளந்து, 3,000 காற்றழுத்தத்துக்கு மேலான வாயு நொடியின் மிகச் சிறு பின்னத்தில் ரிசீவரின் உட்புறத்தில் பாய்ந்துவிடும்.

1917-இல் அதுவே நடந்தது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய அந்த ஆண்டு, ஒரு தனியார் நிறுவனம் அவசரமாகத் தயாரித்துக் கொடுத்த தோட்டாக்களின் உறைகள் பிளந்தன. அவற்றைச் சுட்ட சில ரைபிள்களின் ரிசீவர்கள் துண்டுதுண்டாகத் தெறித்தன. உறை பிளந்ததற்குத் தோட்டாதான் காரணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நல்ல எஃகாக இருந்திருந்தால் ரிசீவர் வீங்கியிருக்கும், வளைந்திருக்கும், பயன்படாமல் போயிருக்கும்; இப்படி நொறுங்கியிருக்காது. அந்த இடத்தில்தான் விசாரணை ஆலையின் உலைக்களத்தை நோக்கித் திரும்பியது.

உலையில் எஃகைச் சூடாக்கிச் சம்மட்டியால் அடித்து ரிசீவரின் உருவைக் கொண்டுவருவது முதல் கட்டம். அதற்கு ஏற்ற வெப்பம் வந்துவிட்டதா என்பதை அனுபவமுள்ள தொழிலாளர்கள் எஃகு ஒளிரும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவுசெய்தார்கள். வெப்பம் கூடக்கூடச் செம்மை ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெண்மையை நோக்கிப் போகும் என்பது இயற்பியல்படி சரியே. ஆனால் கண் தனியாக வேலை செய்வதில்லை. சுற்றியுள்ள வெளிச்சத்தோடு ஒப்பிட்டே அது பார்க்கிறது. வெயில் நிறைந்த நாளில் பட்டறைக்குள் வெளிச்சம் மிகுந்திருக்கும்போது எஃகின் ஒளிர்வு மங்கலாகத் தெரியும். 'இன்னும் போதவில்லை' என்று தொழிலாளி அதை உலையிலேயே விட்டுவிடுவார். மேகம் மூடிய நாளில் அதே எஃகு பளிச்சென்று தெரியும். உயர்ந்த வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டர் என்ற கருவியை வைத்து அளந்தபோது, கைதேர்ந்தவர்கள் 'சரியான சூடு' என்று சொன்ன வெப்பம், வெயில் நாளில் மப்பான நாளைவிட 300 பாரன்ஹீட் டிகிரி வரை, அதாவது சுமார் 165 செல்சியஸ் டிகிரி வரை கூடுதலாக இருந்தது தெரியவந்தது. இதைப் பதிவுசெய்திருப்பவரும் ஹேட்சர்தான். அவருடைய எழுத்துகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. பல தலைமுறைத் தொழில்திறன்மீது பழிபோடாமல், மனிதக் கண்ணின் ஓர் எளிய குணத்தால் நேர்ந்த கேட்டை ஒரே அளவீட்டில் அது காட்டிவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டு உலோகக் கம்பிகளின் சந்திப்பைச் சூடாக்கினால் எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு உலை வெப்பத்தை அளக்கும் கருவி 1880-களிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆலைக்குள் நுழைய அதற்கு ஒரு போர் தேவைப்பட்டிருக்கிறது.

அளவுக்கு மீறிச் சூடான எஃகுக்கு என்ன ஆகிறது? எஃகு என்பது ஒரே திண்மம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற படிகங்கள் நெருக்கமாகப் பொருந்தி அமைந்தது. வெப்பம் கூடினால் சிறு படிகங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகின்றன. பெரிய படிகங்களால் ஆன எஃகில், தோன்றும் ஒரு விரிசலுக்குத் தடையில்லாத நீண்ட பாதை கிடைக்கிறது. வெப்பம் இன்னும் ஏறினால் படிகங்களுக்கு இடையிலுள்ள எல்லைகளில் கந்தகம் முதலிய மாசுகள் சேர்கின்றன. அதற்கும் மேலே போனால் அந்த எல்லைகள் உருகத் தொடங்கி, ஆக்சிஜன் உள்ளே நுழைந்து ஆக்சைடு படிந்துவிடுகிறது. இதைத்தான் 'எரிந்த எஃகு' என்கிறார்கள். படிகம் பெருத்ததை மறுபடி முறையாகச் சூடாக்கிக் குளிரவைத்துச் சரிசெய்யலாம். எரிந்துபோனதைச் சரிசெய்ய வழியில்லை. பழைய ரிசீவர்களை மீண்டும் வெப்பப் பதம் செய்து காப்பாற்றும் யோசனை நம்பத் தகாததாகப் போனதற்கு இதுவே அடிப்படை.

இரண்டாவது கட்டத்திலும் ஒரு குறை இருந்தது. அன்றைய ரிசீவர் கார்பன் குறைந்த எஃகால் ஆனது. அதன் மேற்பரப்பு தேயாமல் இருப்பதற்காக எலும்புக் கரியில் புதைத்துச் சூடாக்குவார்கள். கரியிலுள்ள கார்பன் எஃகின் மேல்தோலுக்குள் ஊறும். பிறகு அப்படியே எண்ணெயில் அமிழ்த்துவார்கள். கார்பன் மிகுந்த எஃகு சட்டெனக் குளிர்ந்தால் மிகக் கடினமான, அதே அளவுக்கு எளிதில் உடையக்கூடிய அமைப்பைப் பெறுகிறது. அதை மறுபடி மிதமாகச் சூடாக்கினால் கடினத்தில் சிறிது இழந்து, அதிர்ச்சியைத் தாங்கும் தன்மையைப் பெறும். பழைய முறையில் அந்தக் கடைசிப் பதம் இல்லை.

இனி ஒரு புதிர். இந்த ரிசீவர்கள் அனைத்தும் ஆலையை விட்டு வெளியேறுமுன், வழக்கத்தைவிட மருந்து கூட்டப்பட்ட, சதுர அங்குலத்துக்குச் சுமார் 70,000 பவுண்டு அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவைத் தாங்கித் தேறியவை. அப்படியிருக்க, பிறகு எப்படி உடைந்தன? வலிமை வேறு, அதிர்ச்சியைத் தாங்கும் தன்மை வேறு என்பதுதான் விடை. நிறையத் தண்ணீர் ஊற்றிவைத்த மண்பானை அந்தச் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்கும். விளிம்பில் ஒரு கரண்டி பட்டால் உடையும். சோதனைத் தோட்டாவில் உறை பிளக்கவில்லை. அழுத்தம் போல்ட்டின் வழியாக, வடிவமைப்பாளர் நினைத்த பாதையில் வந்து சேர்ந்தது. உறை பிளந்தபோது வாயு, ரிசீவரின் வளையத்தை உள்ளிருந்து திடீரெனத் தாக்கியது. வளைந்துகொடுத்து அந்த ஆற்றலை விழுங்கும் குணம் அந்த எஃகில் இல்லை.

1918 பிப்ரவரி வாக்கில் ஸ்பிரிங்ஃபீல்டிலும், அதே ஆண்டு மே மாதத்தில் ராக் ஐலண்டிலும் புதிய இரட்டை வெப்பப் பதம் நடைமுறைக்கு வந்தது. கார்பன் ஊறிய ரிசீவரை ஒருமுறை எண்ணெயில் அமிழ்த்திய பிறகு, குறைந்த வெப்பத்தில் மறுபடி சூடாக்கி மீண்டும் அமிழ்த்தி, கடைசியாக மிதமான சூட்டில் பதப்படுத்தினார்கள். மேல்தோல் கடினமாகவும் உள்ளுடல் இளக்கமாகவும் அமைந்தது. பின்னர் இரண்டு ஆலைகளும் நிக்கல் கலந்த எஃகுக்கு மாறின. ராக் ஐலண்டில் மாற்றம் வந்த எண் பதிவாகியிருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் அது திட்டமாகத் தெரியாததால், பாதுகாப்பாக 8,00,000 என்று வட்டமாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள சில ரைபிள்கள் புதிய முறையில் செய்யப்பட்டவையாகவும் இருக்கலாம்.

1927-இல் ராணுவக் குழு ஒன்று குறைந்த எண் ரிசீவர்களைச் சேவையிலிருந்து முற்றிலும் விலக்கப் பரிந்துரைத்தது. மேலிடம் அதை அப்படியே ஏற்கவில்லை. கிடங்கில் இருப்பவை போர்க்காலக் கையிருப்பாக இருக்கட்டும், படையில் இருப்பவை பழுதுபார்க்க வரும்போது மாற்றப்படட்டும் என்று முடிவானது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை ஒரே நாளில் தூக்கியெறிய எந்த நாட்டுக் கருவூலமும் தயங்கும்தான். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில்கூடச் சில அமெரிக்க மரீன் படைவீரர்களிடம் குறைந்த எண் ரைபிள்கள் இருந்தன.

ஹேட்சரின் பட்டியலில் 1917-க்கும் 1929-க்கும் இடையில் வெடித்த 68 ரிசீவர்கள் இருக்கின்றன: 33 ஸ்பிரிங்ஃபீல்டில் செய்யப்பட்டவை, 24 ராக் ஐலண்டில் செய்யப்பட்டவை, 11 எங்கே செய்யப்பட்டவை என்று தெரியாதவை. அவரை மறுப்பவர்கள் இந்தக் கணக்கையே ஆயுதமாக எடுக்கிறார்கள். சுமார் 10,85,000 துப்பாக்கிகளில் 68 என்றால் 16,000-க்கு ஒன்று. அவற்றிலும் பல, கெட்ட தோட்டாவாலோ கவனக்குறைவாலோ நேர்ந்தவை. இவ்வளவு சிறிய ஆபத்துக்காகப் பத்து லட்சம் துப்பாக்கிகளைக் களங்கப்படுத்தலாமா என்பது அவர்கள் கேள்வி.

என் பார்வையில் இந்த வாதம் பட்டியலைத் தவறாகப் படிக்கிறது. ஒரு ரிசீவர் சிதற, இரண்டு நிகழ்வுகள் ஒன்றுசேர வேண்டும்: எஃகு உடையும் தன்மையதாக இருக்க வேண்டும், உறை பிளக்கவோ குழல் அடைபடவோ வேண்டும். இரண்டாவது மிக அரிது. பட்டியல் தருவது இந்த இரண்டு வாய்ப்புகளின் பெருக்கத்தொகையை மட்டுமே. எஃகில் ஆயிரத்தில் ஒன்று கெட்டிருந்தாலும் 68 வரலாம். ஐந்தில் ஒன்று கெட்டிருந்து உறைகள் மிக நன்றாக இருந்தாலும் 68 வரலாம். எத்தனை ரிசீவர்களின் எஃகு எரிந்திருந்தது என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், ஆலைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ராக் ஐலண்டில் ஏறத்தாழ 12,000-க்கு ஒன்று, ஸ்பிரிங்ஃபீல்டில் 24,000-க்கு ஒன்று என்று வருகிறது. இரண்டு ஆலைகளின் துப்பாக்கிகளும் ஏறத்தாழ ஒரே தரத் தோட்டாக்களைச் சுட்டிருந்தால், இந்த இருமடங்கு வேறுபாடு உலையில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது. 11 ரிசீவர்களின் பிறப்பிடம் தெரியாததால் இதை முடிந்த முடிவாகச் சொல்லக் கூடாது என்பதும் உண்மை.

ஹேட்சரை ஆதரிப்பவர்களும் ஒன்றை மறக்கிறார்கள். அவர் தொகுத்தவை மேலிடத்துக்கு அறிக்கையாக வந்த விபத்துகள்; கிடங்கில் சுடப்படாமல் கிடந்த துப்பாக்கிகளும் பயிற்சிக் களத்தில் பல்லாயிரம் முறை சுடப்பட்டவையும் அவருடைய கணக்கில் ஒன்றுபோலவே நிற்கின்றன. 1929-க்குப் பிறகான நிகழ்வுகள் அதில் இல்லை.

அவரைச் சுற்றிய இன்னொரு சர்ச்சை கைத்துப்பாக்கிக் குண்டின் 'நிறுத்தும் ஆற்றல்' பற்றிய சூத்திரம். 1904-இல் தாம்சன், லாகார்ட் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் கால்நடைகளையும் சடலங்களையும் கொண்டு செய்த சோதனைகளை அடிப்படையாக்கி அவர் அதை வகுத்தார். முதலில் குண்டின் இயக்க ஆற்றலைக் கொண்டு கணக்கிட்டவர், 1930-களில் அதை விட்டு உந்தத்தை எடுத்துக்கொண்டார். தம் சூத்திரத்தைத் தாமே மாற்றிக்கொண்ட நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் மிகச் சில சோதனைகளில் பிறந்த அந்த எண்கள், பல பத்தாண்டுகள் இயற்பியல் விதிபோல மேற்கோள் காட்டப்பட்டன. ரிசீவர் விஷயத்தில் அவரிடம் உலோகவியல் இருந்தது. இங்கே அதற்கு நிகரான உடலியல் அடித்தளம் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அவரைத் தூக்குவதும் சரியல்ல, தூற்றுவதும் சரியல்ல.

குறைந்த எண் ரைபிள் வைத்திருப்பவர் தம்முடையது நல்லதா என்று சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றலாம். கடினத்தை அளக்கும் கருவி மேல்தோலைத்தான் சொல்லும். மேல்தோல் எல்லா ரிசீவர்களிலும் கடினமாகவே இருக்கும். உள்ளுடல் அதிர்ச்சியைத் தாங்குமா என்பதை ஊசல் சுத்தியால் அடித்து அறியலாம். ஆனால் அந்தச் சோதனையில் துண்டு உடைந்துதான் விடை கிடைக்கும். மருந்து கூட்டிய தோட்டாவில் தேறுவது எதையும் நிறுவாது என்பதை மேலே பார்த்தோம். எனவே தனித் துப்பாக்கிக்கு விடை சொல்ல முடியாத இடத்தில் தொடர் எண்தான் முடிவெடுக்கிறது.

1936-இல் ரிசீவர் வளையத்தின் இடப்பக்கத்தில் ஒரு சிறு துளையிட ராணுவம் முடிவுசெய்தது. அதற்கு முன் வலப்பக்கத்தில் மட்டுமே துளை இருந்தது. ஜெர்மானிய மவுசர் 98 ரைபிளில் போல்ட்டின் உடலில் வாயு வெளியேறும் துளைகளும், பின்புறத்தில் வாயுவைத் திசைதிருப்பும் அகலமான விளிம்பும் தொடக்கத்திலிருந்தே இருந்தன. அதைப் பின்பற்றி உருவான ஸ்பிரிங்ஃபீல்டு அந்த விளிம்பை எடுத்துக்கொள்ளவில்லை. உறை பிளந்தால் வாயுவின் ஒரு பகுதி இடப்பக்கத் துளை வழியாகப் பக்கவாட்டில் வெளியேறி, சுடுபவரின் கண்ணை நோக்கி வருவது குறையும். சேகரிப்பாளர்கள் அதை 'ஹேட்சர் துளை' என்று அழைக்கிறார்கள். பழைய ரிசீவர்களிலும் பழுதுபார்ப்பின்போது அது இடப்பட்டதால், துளை இருப்பதைப் பார்த்து இது பாதுகாப்பானது என்று விற்பவர்களும் உண்டு. எஃகின் பதத்துக்கும் அந்தத் துளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.