பீப் வருகிறது, குரல் வரவில்லை

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன் பழைய பென்டியம் கணினியை ஸ்பீக்கரோடு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, பழுதுபார்க்க என்னிடம் வந்தார். விண்டோஸ் 98 இன்னும் ஓடுகிறது. மகள் ஐந்து வயதில் பாடிய பாட்டுகள் அதற்குள் இருக்கின்றன. "தம்பி, போட்ட உடனே பீப் எண்டு சத்தம் வருது. பிள்ளையின்ர குரலைப் போட்டா மட்டும் ஏதோ குசுகுசுக்கிற மாதிரிக் கிடக்கு."

அந்த பீப்பை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அது வேறு பாதையில் வரும் ஒலி. கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டில் உள்ள நேரச் சில்லுக்கு வினாடிக்குச் சுமார் 11 இலட்சத்து 93 ஆயிரம் துடிப்புகள் போகின்றன. அதை 1,193 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,000 அதிர்வு கிடைக்கும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியை அதுவே நேராக ஆட்டிவிடும். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலிருந்து இதே ஏற்பாடுதான். பாட்டை ஒலியாக்கும் சவுண்ட் கார்டுக்கு இதில் வேலையே இல்லை.

பாட்டின் வழி நீளமானது. சீடித் தரமென்றால் வினாடிக்கு 44,100 எண்கள், இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியாக. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நினைவகம், அங்கிருந்து சவுண்ட் கார்ட். அது எண்களை மின்னழுத்தமாக்கி வயரில் விடும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் அம்ப் அதைப் பெருக்கும். நான் எப்போதும் காதுப் பக்கத்திலிருந்தே பின்னோக்கிப் போவேன்.

ஸ்பீக்கரை ஓன் பண்ணி, கணினியில் செருகியிருந்த வயரைக் கழற்றி, அதன் நுனியை விரலால் தொட்டேன். வீட்டுச் சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறி மாறி ஓடுகிறது. நம் உடம்பு அதை அன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். நல்ல ஸ்பீக்கர் என்றால் "ம்ம்ம்" என்று கனமாக முழங்க வேண்டும். இதில் வந்தது மெல்லிய "ஸ்ஸ்" மட்டும். ஒரு ஹெட்போனைக் கணினியின் பச்சைத் துளையில் செருகினேன். பிள்ளை கணீரென்று பாடிக்கொண்டிருந்தாள். அப்படியானால் பழுது ஸ்பீக்கரில்தான்.

கணினிப் பக்கம் பழுதாகியிருந்தால் அறிகுறியே வேறு. எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி, ஒரு சொல்லின் துண்டு மட்டும் "க-க-க-க" என்று திரும்பத் திரும்ப வருவது. சவுண்ட் கார்ட் நினைவகத்திலிருந்து எண்களை டிஎம்ஏ என்ற, செயலியை இடையில் இழுக்காத நேர்வழியாகத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு பங்கு முடிந்ததும் "அடுத்ததைத் தா" என்று ஐஆர்கியூ என்ற கம்பியில் மணி அடிக்கும். இந்தக் கம்பிகளுக்கு இலக்கம் உண்டு; சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற அக்காலக் கார்ட் வழக்கமாகப் பிடிப்பது 5ஆம் இலக்கம். அதே இலக்கத்தில் வேறு கார்ட் ஒன்றும் உட்கார்ந்திருந்தால் மணி கேட்காது. புது எண்கள் வராது. கையில் இருந்த பழைய துண்டையே கார்ட் சுற்றிச் சுற்றி வாசிக்கும். விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கிறதா என்று பார்த்து இலக்கத்தை மாற்றினால் போதும். கோப்புகள் பாடி, இசைச் சீடி மட்டும் ஊமையானால், சீடி டிரைவிலிருந்து கார்டுக்குப் போகும் நான்கு கம்பி வயர் கழன்றிருக்கலாம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு பழுது உண்டு. கடல் காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து, செருகும் இடங்களில் பச்சை பிடிக்க வைக்கும். பவரை நிறுத்திவிட்டு, செருகியைப் பத்துத் தடவை போட்டு எடுத்தாலே பல வேளை ஒலி திரும்பும். கார்டின் தங்கப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். அழுத்தக் கூடாது, தங்கப்பூச்சு மிக மெல்லியது.

ஆசிரியரின் ஸ்பீக்கரை, சுவர்ச் செருகியைக் கழற்றிச் சற்றுநேரம் விட்ட பிறகு திறந்தேன். சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கோடு ஒட்டியபடி இரண்டு கப்பாசிட்டர்கள், பாடப்புத்தகத்தில் கொள்ளளவி என்போமே, அவை. அம்பிலிருந்து நேர்மின்னோட்டம் ஒலிபெருக்கியின் கூம்புக்குப் போகாமல் தடுத்து, பாட்டின் அலையை மட்டும் விடுவது இவற்றின் வேலை. 1,000 மைக்ரோபரட் (கொள்ளளவின் அலகு) கப்பாசிட்டர், 4 ஓம் ஒலிபெருக்கியோடு சேர்ந்தால் சுமார் 40 ஹேர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு 40 அதிர்வுக்கு, மேலுள்ள எல்லாம் கேட்கும். உள்ளிருக்கும் திரவம் சூட்டில் வற்றி அளவு 10க்கு இறங்கினால், அந்த எல்லை 4,000 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். 300 ஹேர்ட்ஸில் பாடும் குழந்தைக் குரலின் அடிநாதம் பதிமூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். உயிரெழுத்துகள் அடங்கிப்போய் "ச", "ஸ" மாதிரி உராயும் ஒலிகள் மட்டும் தப்பும். ஆசிரியர் சொன்ன குசுகுசுப்பு அதுதான்.

இரண்டு புதுக் கப்பாசிட்டர், அதே அளவு, அதே வோல்ட், எதிர்முனைக் கோட்டைச் சரியான பக்கம் வைத்து ஈயம் பிடித்தேன். மூடியைப் பூட்டி, வயர் நுனியைத் தொட்டதும் மேசை அதிர "ம்ம்ம்" என்றது. ஆசிரியர் அதற்குள் மவுஸைக் கையில் எடுத்துவிட்டார்.