ஊரில் அடிக்கிற வெயில் உங்கள் தோலில் படுகிறதா?

முக்கூடல் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு பீடி சுற்றும் அக்கா வந்திருந்தார். வயது 40கூட ஆகவில்லை. கைகால் குடைச்சல், இடுப்புவலி என்று ஊசியும் வலி மாத்திரையுமாகவே ஓட்டியிருக்கிறார், வாதம் என்று யாரோ சொல்லி முதுகுக்கு ஸ்கேனும் எடுத்தாயிற்று. தரையில் உட்கார்ந்து எழுந்திருங்க அக்கா என்றேன். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, இன்னொரு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்தால் 8 (ng/mL). அது 20க்குக் கீழே போனாலே குறைபாடுதான், இந்த வலிக்கும் தொடையில் பலம் இல்லாததற்கும் அதுதான் காரணம். சொன்னதும் எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்: "நம்மூருல வெயிலுக்கா பஞ்சம், டாக்டரம்மா?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். பாளையங்கோட்டை ரோட்டில் அடிக்கிற வெயிலால் உங்கள் எலும்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அது தோலில் நேராகப் படவேண்டும். இலை காய்ந்துவிடக்கூடாது என்று மடியில் சுளகோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை தார்சாவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு எங்கிருந்து வெயில் படும்? ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கும், பின்கட்டு அறையில் படுத்தே கிடக்கும் ஆச்சிக்கும் இதே கதைதான். ஜன்னல் பக்கம்தானே இருக்கேன் என்பார்கள். கண்ணாடி வெளிச்சத்தை விடும், வைட்டமின் டி உண்டாக்கும் கதிரை விடாது. நம் மாநிறத் தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதல் நேரமும் வேண்டும்.

அடுத்தது, "காலை 6 மணி இளவெயில்தான் வைட்டமின் டி" என்பது. இல்லவே இல்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அந்தக் கதிர் போதுமான அளவு வரும். வத்தல் காயப்போட மாடிக்குப் போவீர்களே, அந்த 10 மணி வெயில். கை, கால், முகத்தில் படும்படி 20, 30 நிமிடம், வாரத்தில் பாதி நாளாவது நில்லுங்கள். வெளியே போகும்போது மூடி உடுத்துகிறவர்களுக்குப் புறவாசலோ மொட்டை மாடியோ போதும்.

அதற்காக இளவெயிலை விட்டுவிடாதீர்கள். அது மனசுக்கும் தூக்கத்துக்கும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக ஓடும், ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும், காரணமில்லாத எரிச்சலும் சோர்வும் குறையும். வீட்டுக்குள் ட்யூப்லைட் தருவது சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மேகமூட்ட நாளிலும் வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலை நம்பி அதை நிறுத்த வேண்டாம், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

கறுத்துப் போயிடுவான் என்று பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள், ப்ளீஸ். அக்னி நட்சத்திரத்தில் உச்சி வெயிலில் நின்று மயங்கி விழவும் வேண்டாம், தோல் சிவந்து எரிய ஆரம்பித்தால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருப்பவர்கள், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம் அந்த 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர். வாரம் ஒன்று, இத்தனை வாரம் என்று எழுதிக் கொடுத்தால் அதோடு நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டம்மாவுக்குக் குணம் தெரிந்தது என்று மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கல்லுமாக வருகிறவர்களையும் பார்க்கிறேன். வெயில் எவ்வளவு பட்டாலும் உடம்பு தேவைக்கு மேல் வைட்டமின் டி வைத்துக்கொள்ளாது, பவுடருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.